நம் குடும்பப் பெயர்கள் வந்த வழி

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் குலத்தாரிடை வழங்கும் குடும்பப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதுபற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பொருள் சிறிதெனத் தோன்றலாம். பர்னாந்து, குரூஸ், மோத்தா, கோமஸ், கொரேரா, மச்சாது, மிராண்டா, வாஸ், ரொட்ரீகோ என்று நாள்தோறும் நாம் ஒருவரையொருவர் அழைக்கும் பெயர்களைப்பற்றிப் புதிதாக ஆராய என்ன இருக்கின்றது என்று சிலர் வினவுதலுங் கூடும். ஆயினும் இப்பெயர்களைச் சார்ந்து இக்காலத்தில் மூன்று கருத்துக்கள் நம் இல்லங்களிற் புகுந்து உலவுகின்றன. அம்மூன்றும் நம் பிள்ளைகளின் மனத்தையும், நம் மணவினைகளையும், நம் பொருளையும் பற்றியவை. ஆதலின் அவற்றை ஆராய்ந்து கொள்ளுதல் கடமையாகின்றது.

முதலாவது, இப்பெயர் உடையார் போர்த்துக்கீசியக் குருதியில் வந்தவர் என்பது. இதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாரும் உளர். இதனையே வசையாக நம்மேல் எறிவாரும் உளர். இரண்டாவது, இப்பெயர்கள் அந்நியர் இட்ட அடிமை முத்திரைகள். ஆதலின் களைந்தெறியத்தக்கவை என்பது. மூன்றாவது, ஒவ்வொரு பெயர்க்கும் ஐரோப்பாவில் ஒரு குலச்சின்னம் உண்டு. அது நமக்கும் உரியது என்பது. இம்மூன்றாவது கருத்தை வளர்ப்போர் வணிகர். கைபேசியிற் பெயரை எழுதிப் பணத்தைச் செலுத்தினால், சிங்கமும் கேடயமும் வரைந்த பலகையொன்று சட்டமிட்டு வீட்டுக்கு வந்து சேர்கின்றது. அதனை மாட்டியிருக்கும் கூடங்களை யாமே பலவிடத்துங் கண்டிருக்கின்றோம்.

இவ்வாசை நமக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டிலிருந்து ஒரு சான்று கூறுவோம். அயர்லாந்து தேசத்தைவிட்டு அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிற் குடியேறியோரின் வழியினர் பலர், தம் முன்னோர் நாட்டுக்கு யாத்திரை செல்லுங்கால், தம் குடும்பப் பெயருக்குரிய கட்டமிட்ட கம்பளித் துணி யாதென்று கடைகளில் வினவுகின்றனர். டார்ட்டன் என்பது அத்துணியின் பெயர். நம் நாட்டுக் கண்டாங்கிச் சேலைபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பல நிறக் கோடுகள் பொருந்த நெய்வது. கடைக்காரரும் ஏதேனுமொரு மாதிரியை எடுத்துக் கொடுக்கின்றனர். வாங்கியோர், ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்த் தம் குலத்தார் போர்க்களத்தில் உடுத்த துணி இதுவே என எண்ணிக் கண்ணீர் மல்க எடுத்துச் செல்கின்றனர்.

உண்மை யாதெனின், ஒரு குலத்துக்கு ஒரு கட்டம் என்னும் வழக்கம் ஸ்காட்லாந்து தேசத்திலேயே பழைமையானதன்று. அந்நாட்டிற் கட்டத் துணி நெடுங்காலமாக உண்டு. ஆயினும் அது அவ்வவ்வூர் நெசவாளரின் கைவண்ணத்தையும், அங்குக் கிடைத்த சாயத்தையும் பொறுத்திருந்தது. 1815-ல் லண்டன் மாநகரிலிருந்த ஹைலண்டு சங்கத்தார், தத்தம் குலத்துக்குரிய துணியின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புமாறு குலத்தலைவர்களைக் கேட்டனர். தலைவர்களுட் சிலர் தம் துணி யாதென அறியாது பிறரைக் கேட்டறியவேண்டியவராயினர். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு எழுந்தருளியபோது, அவரை வரவேற்கக் குலந்தோறும் ஒரு துணி வேண்டுமென்னும் வேட்கை மிகுந்தது. நெசவாலையார்க்கு ஓய்வில்லாது போயிற்று. 1842-ல் சகோதரர் இருவர், பழஞ்சுவடியொன்றினின்றும் எடுத்ததெனக் கூறிக் குலத்துணிகளை விளக்கும் பெருநூலொன்றை வெளியிட்டனர். அச்சுவடி போலியென்பது அறிஞர் துணிபு. எனினும் அந்நூலிற் கண்ட கட்டங்களிற் பல இன்றுவரை குலத்துணிகளாக உடுக்கப்பட்டு வருகின்றன.

அயர்லாந்தின் நிலை இதனினும் அண்மையது. பழைய ஐரிஷ் மக்களின் சிறப்புடை மஞ்சட் சாயமிட்ட நீண்ட சட்டையும், அதன்மேற் போர்க்கும் மேலாடையுமாம். 1956-ல் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள டன்கிவன் என்னும் ஊர்ப்புறத்தே மண்ணுள்ளிருந்து கிழிந்த பழைய ஆடைகள் கிடைத்தன. அவற்றுட் காற்சட்டை கட்டத் துணியாலானது. 17-ஆம் நூற்றாண்டினது என அதனை ஆராய்ந்தோர் மதிப்பிட்டனர். அதனைப் பார்த்து வகுத்ததே அல்ஸ்டர் டார்ட்டன் என வழங்குவது. அதுவும் ஒரு நிலப்பகுதியின் பெயரால் வழங்குவதேயன்றி ஒரு குடும்பத்தின் துணியன்று. அயர்லாந்தின் ஒவ்வொரு கோட்டத்துக்கும் உரியவை என்று இப்போது விற்கப்படுவனவோ பெரும்பாலும் 1990-களில் வணிகர் வகுத்தவையாம்.

இதனை யாம் கூறுவது அம்மக்களை எள்ளி நகையாடற்பொருட்டன்று. தாய்நாட்டைவிட்டுப் பிரிந்தார்க்குப் பற்றிக்கொள்ள ஏதேனுமொன்று வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்து அன்போடு அணிந்துகொள்ளுதலிற் குற்றமில்லை. புதியதைப் பழையதெனச் சொல்லி விற்பதே குற்றம். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நம் பெயர்களின் வரலாற்றுக்கு வருவோம்.

பெயர்களுக்கு முன்னர்ச் சின்னங்களைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கடலே வாழ்வாகக் கொண்ட பரதவரின் சின்னம் யாதென்று வினவின், விடை ஐரோப்பாவில் இல்லை, பத்துப்பாட்டில் உள்ளது. பட்டினப்பாலை என்னும் பாட்டில், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாக வணங்கிய செய்தி வருகின்றது. வாட்சுறாவின் பல்வரிசை நிறைந்த நீண்ட மூக்கெலும்பையே புலவர் கொம்பு என்றார் போலும். எந்த அரசனும் அளியாது, எந்த வணிகனும் விற்காது, தம் தொழிலினின்றும் தம் அச்சத்தினின்றும் அம்மக்கள் தாமே எடுத்துக்கொண்ட சின்னம் அது.

நம்முட் சிலர் பாண்டியரின் மீன்கொடியைச் சுட்டி, நாமே பாண்டியர் என்று மேடைகளில் முழங்குகின்றனர். பாண்டியர் கொடி மீன்கொடி என்பதும், அவர்தம் காசுகளில் மீன் பொறிக்கப்பட்டதென்பதும் மெய்யே. கொற்கை பாண்டியர் துறை என்பதும், அங்கு முத்துக்குளித்தல் நிகழ்ந்ததென்பதும், கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய செங்கடற் பயணநூல் என்னும் கிரேக்க நூலாலும் அறியப்படும். அந்நூல் குற்றவாளிகளைக்கொண்டு முத்துக் குளிப்பித்தனர் என்றும் கூறுகின்றது. அதனையும் மறைத்தலாகாது. மதுரைக்காஞ்சியோ தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைத் தென்பரதவரைப் போரில் அடர்த்த ஏறு எனப் புகழ்கின்றது. வென்றவனும் வெல்லப்பட்டோரும் ஒருவரேயாதல் எங்ஙனம்? பாண்டிநாட்டின் செல்வத்துக்கு நம் முன்னோர் மூச்சடக்கி மூழ்கியெடுத்த முத்து ஓர் அடிப்படையாயிருந்தது என்று சொல்லுதலே போதும். அதற்குச் சான்றுண்டு. அதனினும் மிகுத்துச் சொல்லின், சான்றுள்ளதையும் பிறர் ஐயுறுவர்.

இனிப் பெயர்களின் வரலாறு. 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கரையின் முத்துக்குளிப்பு உரிமைபற்றி நம்மவர்க்கும் கரையோர முஸ்லிம் வணிகர்க்குமிடையே பெரும்பூசல் நிகழ்ந்தது. அப்பகை இன்று இல்லை. இரு திறத்தாரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றோம். அக்காலத்து நெருக்கடியில் நம் தலைவர்கட்கு வழிகாட்டியவர் ஜான் தாக்குரூஸ் என்னும் குதிரை வணிகர். அவர் ஆலோசனைப்படி நம் பட்டங்கட்டிமார் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். துணைக்கு ஈடாகக் கிறிஸ்து சமயத்தைத் தழுவ உடன்பட்டனர். 1536, 1537-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர் என்பது சரித்திர ஆசிரியர் பெரும்பாலோர் கூறுங் கணக்கு.

அன்பர்களே, இவ்விடத்து ஒன்றைக் கூர்ந்து நோக்குமின். நம் சரித்திரத்தில் தாக்குரூஸ் என்னும் பெயரோடு முதன்முதற் காணப்படும் அந்தக் குதிரை வணிகர் யார்? போர்த்துக்கீசியர் அல்லர். அவர் மலையாள நாட்டினர். கோழிக்கோட்டுச் சாமூதிரியால் 1513-ல் லிஸ்பன் மாநகருக்கு அனுப்பப்பட்டு, அங்கு ஞானஸ்நானம் பெற்று, அப்பெயர் பூண்டு மீண்டவர். ஆகவே, குரூஸ் என்னும் பெயர் இக்கரைக்கு வந்தபோதே ஓர் இந்தியரின் பெயராகவே வந்தது. அவர் வழியாகவே நம் சாதித்தலைவரும் ஞானஸ்நானத்தில் அப்பெயரைப் பெற்றார் என்பது நம் மரபு. இதில் குருதித் தொடர்பு எங்குளது?

பிற பெயர்கள் வந்த வழியும் இத்தகையதே. ஞானஸ்நானம் பெறுவோர்க்கு ஞானத்தந்தை ஒருவர் வேண்டும். அவர் கப்பற்றலைவராகவோ, போர்வீரராகவோ, வணிகராகவோ இருப்பார். அவருடைய பெயர் ஞானப்பிள்ளைக்கு இடப்படும். ஒருவரே பல குடும்பங்கட்கு ஞானத்தந்தையாக நிற்றலும் உண்டு. அங்ஙனமாயின் உறவில்லாத பல குடும்பங்கள் ஒரே பெயர் பெறும். அண்ணனுக்கு ஒருவரும் தம்பிக்கு வேறொருவரும் ஞானத்தந்தையராயின், ஒரே வயிற்றிற் பிறந்தார் இருவேறு பெயர் பெறுவர். பெருந்தொகையினர்க்கு ஒருங்கே பெயரிடும் முறையைப் புனித சவேரியார் 1545-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எழுதிய கடிதத்தாலும் அறியலாம். திருவாங்கூர்க் கரையில் முக்குவர் ஊர்களில், ஒவ்வொருவர்க்கும் அவர்தம் புதுப்பெயரை எழுதிக் கொடுத்ததாக அவர் கூறுகின்றார். கடல்மணலில் வரிசையாய் நின்று, தம்மால் எழுத்துக்கூட்டவும் இயலாத ஒரு பெயர் எழுதிய சீட்டைக் கையிற்கொண்டு வீடு திரும்பிய அம்மக்களை எண்ணிப் பாருங்கள்!

போர்த்துக்கீசியரோடு மணவுறவு அறவே இல்லையா எனின், இல்லையென்று கூறத் துணியோம். இலங்கைக் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி என்னும் அறிஞர் பரவர் வரலாறுபற்றி 1837-ல் வெளியான கட்டுரையில், போர்த்துக்கீசியர் நம்மவரை அன்போடு நடத்தினரென்றும், மணவுறவுக்கு இடங்கொடுத்தனரென்றும், தம் குடும்பப் பெயர்களை மேற்கொள்ள விட்டனரென்றும் எழுதுகின்றார். ஆகவே அங்கொருவர் இங்கொருவர் அத்தகைய மணம் செய்திருக்கலாம். ஆயினும் 20,000 பேர் பெயர் பெற்ற இடத்தில், கரையில் வந்து தங்கிய போர்த்துக்கீசியர் மிகச் சிலர். அச்சிலரின் பெயர்கள் அத்துணைக் குடும்பங்கட்கும் பரவியது ஞானஸ்நானத் தொட்டியால் அன்றிக் குருதியால் ஆகாது. பெயர் மட்டுமே குருதிக்குச் சான்றாகாது என்பது தெளிவு.

மேலும், பர்னாந்து என்னும் பெயர் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் சிங்களர் பல்லாயிரவர்க்கு உண்டு. பெரேரா, சில்வா என்பவை கோவாவிலும் இலங்கையிலும் மலாக்காவிலும் உண்டு. இவர்களனைவரும் ஒரு குடும்பத்தாராவரோ? ஆகார். இவர்கள் ஒரே காலத்தில் ஒரே கடலரசின் நிழலில் ஒரே சடங்காற் பெயர் பெற்றோர். நம்மவருட் கொழும்புக்குச் சென்று நிலைத்த பரதர், 2001-ஆம் ஆண்டு இலங்கைக் குடிக்கணக்கில் தனி இனத்தாராகக் காட்டப்பெற்றனர். அவரை நம்மோடு பிணைப்பது பெயரன்று. தாயாதி உறவும், நினைவும், பனிமய மாதா திருவிழாவுக்கு ஆண்டுதோறும் கடல்கடந்து வரும் அன்புமேயாம்.

இப்பெயர்களின் பொருளைப் பிள்ளைகள் கேட்கின்றனர், சொல்லுவோம். குரூஸ் என்பது சிலுவை. பெரேரா என்பது பேரிக்காய் மரம். சில்வா என்பது காடு. மச்சாது என்பது கோடரி. மோத்தா என்பது மண்மேடு. கொரேரா என்பது தோல்வார். கொஸ்தா என்பது கடற்கரை. இப்பெயர் நம்மவர்க்கு எத்துணைப் பொருத்தம்! பர்னாந்து, ரொட்ரீகோ என்பவை போர்த்துக்கீசிய நாட்டில் முதற்பெயர்களேயன்றிக் குடும்பப் பெயர்கள் அல்ல. பெர்னாண்டஸ் என்றால் பர்னாந்தின் மகன் என்று பொருள். வாஸ் என்பதும் வாஸ்கோவின் மகன் என்னும் பொருளதே. தந்தை பெயரைத் தன் பெயரோடு சேர்த்தெழுதும் நம் தமிழ் வழக்கத்தோடு இஃது ஒத்திருத்தல் காண்க. அக்காலப் போர்த்துக்கீசியர்தாமும் நிலையான குடும்பப் பெயர் உடையாரல்லர். ஒரு வீட்டிலேயே ஒரு பிள்ளை தந்தைவழிப் பெயரையும், மற்றொரு பிள்ளை தாய்வழிப் பெயரையும் பூணுதல் அங்கு வழக்கமாயிருந்தது. கொடுத்தவர்க்கே நிலைபெறாத ஒன்று, பெற்றுக்கொண்ட நமக்கு வம்சாவளியை எங்ஙனம் நிறுவும்?

இனி அச்சிங்கமும் கேடயமும். போர்த்துக்கலில் மானுவேல் மன்னர் காலத்தில் (1495–1521) குலச்சின்னங்கள் ஒழுங்குபடுத்தப்பட்டன. சிந்திரா என்னும் ஊரிலுள்ள அரண்மனையின் மண்டபமொன்றில், உயர்குடிகள் 72-இன் சின்னங்கள் மேற்கூரையில் தீட்டப்பெற்றிருத்தலை இன்றும் காணலாம். அச்சின்னம் குறிப்பிட்ட வம்சத்தார்க்கு அரசன் அளித்தது. அப்பெயருடையார் எல்லார்க்கும் உரியதன்று. லிஸ்பன் நகரத்து மீன்விற்கும் பெரேராவுக்கே உரிமையில்லாத கேடயம், தூத்துக்குடியிலுள்ள பெரேராவுக்கு எப்படி உரியதாகும்? 1910-ல் அந்நாடு குடியரசானபின் பிரபுக்களின் பட்டங்களும் சட்டத்தால் நீக்கப்பட்டன. ஆகவே அப்பலகைக்குக் கொடுத்த பணம் பலகைக்கே ஆயிற்று.

நம் குலத்துக்கு அப்பரசர் அளித்த அடையாளம் ஒன்று உண்டு. சாதித்தலைவர்க்குத் தோம் என்னும் பட்டமும், சிலுவை கோத்த பொற்சங்கிலி அணியும் தனியுரிமையும் அளிக்கப்பட்டனவென்று மேற்சொன்ன காசிச்செட்டி குறிக்கின்றார். அது தலைவர் ஒருவர்க்கே உரியது. அவரும் நம் பொருட்டே அணிந்தது. போர்த்துக்கீசியர் 1658-ல் டச்சுக்காரரிடம் தூத்துக்குடியை இழந்தபின்னரும், 1825-ல் ஆங்கிலேயர்க்கு இவ்வூர் உரியதான பின்னரும், தலைவர் இல்லமாகிய பாண்டியபதி நம் மக்களால் மதிக்கப்பட்டே வந்தது. அம்மதிப்புக்குக் காரணம் சங்கிலியின் பொன் அன்று. முத்துக்குளிப்பிலும் வழக்குத் தீர்ப்பதிலும் திருவிழாவிலும் தலைவர் ஆற்றிய தொண்டே காரணம்.

அங்ஙனமாயின், குருதியும் அன்று, குலச்சின்னமும் அன்று என்றால், இப்பெயர்களைக் களைந்துவிடலாமே என்று இளைஞர் சிலர் எழுவர். அவர்கட்கும் ஒரு சொல் உண்டு. பெயர் மாற்றுதல் அவரவர் உரிமை, யாம் தடுப்போமல்லோம். ஆயினும் அடிமை முத்திரை என்னும் காரணத்தால் மாற்றுவோர் ஒன்றை எண்ணவேண்டும். நம் முன்னோர் கையுங் காலும் கட்டுண்டு இப்பெயரைப் பெற்றாரல்லர். தம் தொழிலையும் உயிரையும் காத்தற்பொருட்டுத் தூதனுப்பி, உடன்படிக்கை பேசி, அதன் விலையாக ஏற்றுக்கொண்டனர். அவ்வுடன்படிக்கை நன்றோ தீதோ என்று வாதிடலாம். அது நம்மவரே செய்தது என்பதை மறுக்கலாகாது.

ஏற்றுக்கொண்டதை அவர்கள் தமிழாக்கியும் கொண்டனர். வில்லவராயர், பூபாலராயர் முதலிய பழம்பட்டங்களைக் கைவிடாது, புதுப்பெயரோடு அருகருகே வைத்துக்கொண்டனர். அண்டிரிக்கு அடிகளார் எனப்படும் ஹென்றிக் பாதிரியார் தமிழெழுத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. இந்திய மண்ணில் இந்திய மொழியெழுத்தில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் முதலாவது அது. அப்பணிக்குப் பொருளுதவியவர் இப்பெயர் பூண்ட நம் பரவரே. பனிமய மாதாவுக்கு 1806-ல் முதன்முதல் பொற்றேர் ஓடிற்று. ஆண்டு தெரிந்திருத்தலால் அத்தேரின் மேன்மை குறைந்துவிட்டதோ? நம்மில் யாரும் அதனை ஆயிரம் ஆண்டுப் பழைமையது எனச் சொல்வதில்லை. சொல்லாமலே வடம்பிடிக்கின்றோம்.

வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழியே இவ்வூர்க்குக் கொணர்ந்து, உப்புநீர் குடித்துத் தவித்த மக்களின் நாவை நனைத்தவர் நகரசபைத் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. இன்று தூத்துக்குடியில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாவரும் அப்பெயரை நன்றியோடு சொல்கின்றனர். அவர் பெயரின் இரு பகுதியும் அயல்மொழி. அவர் கொணர்ந்த நீர் தாமிரபரணி. 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் ஏற்பட்டபோது அதன் முதல் ஆயராக அமர்ந்த திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை, இலத்தீன் வழிபாட்டு முறையில் இக்காலத்து முதல் இந்திய ஆயர். நம் கரையின் வாழ்வை ‘கொற்கை’ என்னும் நாவலாக எழுதி 2013-ல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர் ஜோ டி குரூஸ். ஐந்நூறு ஆண்டுகளாகத் தமிழர் வாயிற் புழங்கி, தமிழர் கல்லறைகளிற் பொறிக்கப்பட்டு, தமிழ்த் தாய்மார் தாலாட்டில் அழைக்கப்பட்ட பெயர் இனியும் அந்நியமோ? பெர்னாண்டஸ் என்பது பர்னாந்தாயிற்று. கொரையா என்பது கொரேராவாயிற்று. நம் நா அவற்றைத் தேய்த்து நமதாக்கிக்கொண்டது.

இனி, யாம் இச்சொற்பொழிவை ஏற்றதற்குக் காரணமான பொருளைச் சொல்லுவோம். பெண்கேட்டு வந்தாரிடம், பையனின் படிப்பையோ குணத்தையோ வினவாது, “எந்தப் பெயர்க் குடும்பம்?” என்று கேட்டு, இன்ன பெயர் உயர்ந்தது, இன்ன பெயர் தாழ்ந்தது எனத் தள்ளும் வழக்கம் நம் ஊர்கள் சிலவற்றில் இன்னும் ஒழிந்தபாடில்லை. இதனால் மணம் தடைப்பட்டு, வயது கடந்து, மனம் நொந்து நிற்கும் பெண்மக்கள் உளர். கப்பலுக்குச் சென்று உழைத்துத் தன் தங்கையரைக் கரையேற்றிய நல்ல இளைஞரை, பெயர் சரியில்லை என்னும் ஒரே காரணத்தால் வாயிலிலேயே திருப்பியனுப்பினோரும் உளர். அவர்களை யாம் கேட்பது ஒன்றே. உங்கள் பாட்டனும் அவர் பாட்டனும் ஒரே கரையில் ஒரே வரிசையில் நின்று, ஒருவர் வலப்பக்கத்துக் கப்பற்றலைவரின் பெயரையும் மற்றவர் இடப்பக்கத்து வீரரின் பெயரையும் பெற்றிருப்பார்களாயின், அவ்விரு போர்த்துக்கீசியரின் ஏற்றத்தாழ்வை நம் பேத்தியின் கழுத்திற் கட்டுவது அறமாகுமோ? எவ்வளவு ஆராய்ந்தாலும் இப்பெயர்களில் உயர்வு தாழ்வுக்குச் சான்று கிடைக்கவில்லை. இல்லாத ஒன்றுக்காக உள்ள பிள்ளைகளின் வாழ்வைக் கெடுத்தல் வேண்டா.

முன்னோரைத் தேடுதலே வீண் என்று யாம் சொல்லவில்லை. தேடும் முறை ஒன்றுண்டு. அதனைக் கூறி முடிப்போம்.

பெயரிலிருந்து தொடங்கி ஐரோப்பாவுக்குப் பாயாதீர்கள். உங்களிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு படியாகச் செல்லுங்கள். தந்தை, தாய், பாட்டன், பாட்டி, அவர்தம் ஊர், மணநாள், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிமாரைக் கேளுங்கள், பெண்வழி உறவு அவர்கள் நினைவிலேதான் நிற்கும். கோயிற் பதிவேடுகள் அடுத்த துணை. திரெந்து நகரச் சங்கம் 1563-ல்தான் திருமணப் பதிவேட்டையும் ஞானப்பெற்றோர் பெயர்ப் பதிவையும் திருச்சபைக்குப் பொதுவிதியாக்கிற்று. நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றதோ அதற்கு 26 ஆண்டுகட்கு முன்னர். ஆகவே அம்முதல்நாளிற் பெற்ற பெயரை யாரிடமிருந்து யார் பெற்றார் என்பதை ஏட்டைக்காட்டி நிறுவுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ஒரே பெயருடையார் ஓரூரிற் பலராயிருத்தலால், வீட்டுப்பெயர், பட்டப்பெயர், தெருப்பெயர், ஓடமோ தோணியோ இருந்தால் அதன் பெயர் ஆகியவற்றையும் உடன் குறியுங்கள். கல்லறைக் கற்கள், ஒற்றிப் பத்திரங்கள், கொழும்பிலிருந்து வந்த கடிதங்கள், பழைய படங்களின் பின்புறத்தெழுத்து யாவும் உதவும். எழுத்திற் கண்டதையும் செவிவழிக் கேட்டதையும் கலவாது தனித்தனியே எழுதுங்கள். கிடைக்காத இடத்தை வெறுமையாக விடுங்கள்; கற்பனையால் நிரப்பாதீர்கள்.

தூத்துக்குடியில் அரசாங்க முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961-ல். அதற்கு மூழ்கியவருட் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். எஞ்சியோர் முதுமையில் உள்ளனர். எந்தப் பாரில் இறங்கினர், கயிறு பிடித்தவர் யார், எத்தனை சிப்பி கூலியாகப் பெற்றனர் என்னும் செய்திகள் அவர்களோடு அழிந்துபோகும். இக்குடும்பத்துக்கு உரியது இதுவே என்று சிறப்பாகச் சுட்டத்தக்கது ஏதேனும் நம்மிடம் உண்டெனின், அது அம்மூழ்குநரின் நினைவேயாம். சிங்கப் பலகைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல குறிப்பேடு வாங்கி அப்பெரியவரின் அருகில் ஒரு மாலைப்பொழுது அமருங்கள் என்று இளைஞரை வேண்டுகின்றோம்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். குடும்பந்தோறும் நிரப்பத்தக்க ஒரு படிவத்தை அச்சிட்டு எல்லா ஊர்கட்கும் அனுப்புதல் வேண்டும். நிரம்பி வருவனவற்றை ஊர்வாரியாகக் கட்டிச் சங்க நூலகத்திற் காத்தல் வேண்டும். அதிற் பெயர்களை உயர்வு தாழ்வு தோன்றாதபடி அகர வரிசையிலேயே அடுக்குதல் வேண்டும். வறியவர் வீட்டுப் படிவமும் செல்வர் வீட்டுப் படிவமும் ஒரே கட்டில் இருத்தல் வேண்டும். இப்பணி ஓராண்டில் முடிவதன்று. ஆயினும் இவ்வாண்டு தொடங்காவிடின், அடுத்த ஆண்டு கேட்பதற்குரிய பெரியோரிற் சிலர் நம்மோடு இரார்.